சாகவே சாகாதுங்க தம்பி!

டிஸ்கி: கடல்மீன் தொட்டி வெச்சிருக்கறவங்களுக்கு இது கொஞ்சம் எரியும். எழுதற எனக்கே எரிஞ்சுது. மீன் தொட்டின்னாலே மகாபாவம்னு சொல்ற நல்லவங்களும் ரொம்ப சந்தோஷப்பட வேண்டாம். உங்களுக்கும் கடைசில வெச்சிருக்கேன் :-)

போன வாரம் ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி. கேன்டீன்ல டீ குடிச்சிட்டிருந்தப்ப பக்கத்து டீம் நண்பன் போனை நீட்டினான். "மாப்ள, நானும் கடல் தொட்டி வெச்சுட்டேன் பாரு". பாத்தேன். மைக்ரோவேவ் அவன் சைஸுக்கு ஒரு கண்ணாடிப் பொட்டி, நீல லைட்டு, ரெண்டு கல்லு. கல்லு மேல கையை ஊனிக்கிட்டு ஒரு குட்டி ஹாக்ஃபிஷ்.

"தண்ணி ஊத்தி எத்தனை நாளாச்சு?"

"நேத்துதான்டா. மீனும் நேத்தே வாங்கிட்டேன். கடைக்காரர் சொன்னாரு, இது செம ஹார்டியாம். சாகவே சாகாதாம்."

டீ தொண்டைக்குள்ள இறங்கல. ஏன்னா ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எங்கிட்டயும் ஒருத்தர் அச்சு அசலா இதையேதான் சொன்னார். "சாகவே சாகாதுங்க தம்பி". அந்தக் கதைக்கு அப்புறம் வர்றேன்.

முதல்ல மீன் யாருன்னு பாத்துடுவோம்

தெரியாதவங்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். ஹாக்ஃபிஷ்னா பருந்து மீன். 30 வகைக்கு மேல இருக்கற ஒரு குடும்பம். பருந்து மாதிரியே உசரமான இடமாப் பாத்து உக்காந்துக்கும். கீழ ஏதாவது இறாலோ குட்டி மீனோ போச்சுன்னா ஒரே பாய்ச்சல், கதை முடிஞ்சுது.

மத்த மீன்ல பெரும்பாலானதுக்கு வயித்துக்குள்ள காத்துப்பை இருக்கும், அதனால தண்ணில மிதக்கும். இதுக்கு அது கிடையாது. நீந்தறதை நிறுத்தினா கல்லு மாதிரி கீழ இறங்கிடும். அதனாலதான் பக்கத் துடுப்போட கீழ்ப்பக்க முள்ளெல்லாம் தடிச்சுப் போயி, முழங்கை ஊனி உக்கார்ற மாதிரி ஆயிருக்கு. முதுகு முள்ளு ஒவ்வொண்ணு நுனியிலயும் ஒரு குஞ்சம். கண்ணு மட்டும் உருண்டுக்கிட்டே இருக்கும். ஊருக்குள்ள திண்ணையில உக்காந்து தெருவுல போறவன் வர்றவனையெல்லாம் எடை போடுவாரே ஒரு பெரியவர், அச்சு அசல் அவரேதான். ஒரு தடவ பாத்துட்டா விட முடியாது. நான் விழுந்ததும் அப்படித்தான்.

நம்ம லட்சத்தீவு, அந்தமான் பக்கமெல்லாம் இதுல சில வகை இருக்கு. செக்கச் செவேல்னு இருக்கற ஃபிளேம் ஹாக் பசிபிக்காரர், நம்ம இந்தியப் பெருங்கடல்லயே கிடையாது. மூக்கு நீண்ட, சிவப்புக் கட்டம் போட்ட லாங்நோஸ் ஹாக் பெரும்பாலும் ஆழத்துல கடல் விசிறி, கருப்புப் பவளம் மேல உக்காந்திருக்கும். அந்தக் கட்டம் அழகுக்கு இல்ல, விசிறிக் கிளைக்குள்ள மறைஞ்சுக்கறதுக்கு.

'ஹார்டி'ன்னா யாருக்கு ஹார்டி?

சரி, மேட்டருக்கு வருவோம். என் கோபமெல்லாம் இந்த ஒரு வார்த்தை மேலதான். ஹார்டி. தாங்கும். சாகாது.

வடிவேலு காமெடி ஒண்ணு இருக்கில்ல, எவ்வளவு அடிச்சாலும் தாங்கறான்னு ரொம்ப நல்லவன் பட்டம் கொடுத்துட்டு மறுபடி அடிப்பாங்களே. நாம ஹாக்ஃபிஷ்க்குக் கொடுத்திருக்கற பட்டம் அதேதான். அது தாங்குதுங்கறதை, அடிக்கறதுக்கான லைசென்ஸா எடுத்துக்கிட்டோம்.

ஒவ்வொண்ணாப் பாருங்க.

1. காத்துப்பை இல்லாததால, ஆழத்துல இருந்து தூக்கிட்டு வரும்போது மத்த மீன் மாதிரி வயிறு உப்பாது. உப்பின மீனுக்கு ஊசி குத்திக் காத்தை எடுப்பாங்க, அந்த வேலை மிச்சம். இது யாருக்கு வசதி? பிடிக்கறவருக்கு.

2. ஒரே எடத்துல உக்கார்ற மீன்ங்கறதால கடையில சின்னப் பொட்டில போட்டாலும் முட்டி மோதாது. இது யாருக்கு வசதி? விக்கறவருக்கு.

3. அசையாம உக்கார்றதே அதோட இயல்புங்கறதால, நல்லா இருக்கும்போதும் உக்காந்திருக்கும், உசுரு போயிட்டிருக்கும்போதும் உக்காந்திருக்கும். ஒரு க்ளவுன்ஃபிஷ் மூலையில ஒதுங்கினா சின்னப் பையன்கூட "ஏம்ப்பா மீன் ஒரு மாதிரி இருக்கு"ன்னு கேப்பான். ஹாக்ஃபிஷ் ஒதுங்கினா "போஸ் குடுக்குது பாரு"ன்னு போட்டோ எடுப்போம். இது யாருக்கு வசதி? நமக்கு. நம்ம மனசாட்சிக்கு.

மூணுலயும் மீனுக்கு ஒரு வசதியும் இல்ல, கவனிச்சீங்களா? ஹார்டிங்கறது மீனோட குணமே இல்லைங்க. கடல்ல இருந்து நம்ம ஹால் வரைக்கும் இருக்கற சப்ளை லைனுக்கு அது எவ்வளவு தோதா இருக்குங்கறதுக்கு நாம வெச்ச பேரு. அது நோயைத் தாங்கும், ஓரளவு அழுக்குத் தண்ணியையும் தாங்கும், ஒத்துக்கறேன். ஆனா சாகாம இருக்கறதும் வாழறதும் ஒண்ணா? மாசக் கடைசியில தூங்காம ரிலீஸ் முடிச்சுட்டு உக்காந்திருக்கற நம்மளைப் பாத்து மேனேஜர் "பையன் ஹார்டி"ன்னா எப்படி இருக்கும்?

கோயமுத்தூர்ல கடல்

நம்ம ஊர்ல இந்த வார்த்தை இன்னும் ஆபத்து. ஏன்னா நமக்குக் கடல் கிடையாது. பாலக்காட்டுக் கணவாய் வழியா காத்து வரும், கடல் வராது. மெட்ராஸ்காரனாவது பீச்சுல நின்னு அலையைப் பாத்திருப்பான். நாம உப்புத்தண்ணியை நம்ம கையால சமைக்கணும்.

சிறுவாணித் தண்ணி ருசி ஊர் உலகத்துக்கே தெரியும். அதுலயும் குளோரின் இருக்கும், அப்படியே ஊத்த முடியாது. போர்த் தண்ணி பத்திப் பேசவே வேண்டாம். ஆர்.ஓ.ல வடிகட்டி, லிட்டருக்கு 35 கிராம் கணக்குல கடல் உப்புக் கலவை போடணும். 200 லிட்டருக்கு சுமார் 7 கிலோ. தண்ணி ஆவியாகும், உப்பு ஆவியாகாது. அதனால தினமும் நல்ல தண்ணி சேக்கணும், இல்லேன்னா உப்பு ஏறிக்கிட்டே போகும். சித்திரை வெயில்ல தொட்டி 30 டிகிரியைத் தாண்டும், அதை 26 பக்கத்துல பிடிச்சு நிறுத்தணும்.

அப்புறம் முக்கியமானது, பாக்டீரியா. மீனோட கழிவு அம்மோனியா. அது விஷம். அதை நைட்ரைட்டாவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாவும் மாத்தற பாக்டீரியா கல்லுலயும் மணல்லயும் வளர்றதுக்கு 4 வாரம், 6 வாரம்கூட ஆகும். அதுவரைக்கும் தொட்டி காலியாத்தான் ஓடணும். அங்கதான் 'ஹார்டி' வந்து ஆப்பு வைக்குது. "ஆறு வாரம் எதுக்குங்க, ஹார்டி மீன் ஒண்ணு போட்டுடுங்க, அதுலயே சைக்கிள் ஆயிடும்". அதாவது அம்மோனியாவுல செவுளு வெந்துக்கிட்டே அந்த மீன் நமக்காக பாக்டீரியா வளக்கணும். பொட்டி தட்டற மக்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, டெஸ்டிங்கே பண்ணாம நேரா ப்ரொடக்‌ஷன்ல ஏத்தி, உடைஞ்சா பாத்துக்கலாம்ங்கற கதை. அங்க உடைஞ்சா ரோல்பேக் இருக்கு. இங்க?

கரண்ட்டு வேற. 2012-ல நம்ம ஊர்ல ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரைக்கும் கரண்ட் போச்சு. அப்ப நான் பள்ளிக்கூடம். அப்பா வெச்சிருந்த தங்கமீன் தொட்டிக்கு நானும் தங்கச்சியும் மாத்தி மாத்தி டம்ளர்ல தண்ணி மொண்டு ஊத்திக் காத்துக் குடுத்தோம். இப்ப அந்த அளவுக்கு இல்லேன்னாலும் மாசாந்திரப் பராமரிப்புன்னு காலைல 9 மணிக்குப் போனா சாயந்தரம்தான் வரும். நாம ஆபீஸ்ல ஏசில இருப்போம். வீட்டுல கடல் நின்னு போயிருக்கும்.

என் பங்கு

இப்ப அந்தக் கதை.

என்னோட முதல் ஹாக்ஃபிஷ் 60 லிட்டர் தொட்டில இருந்துச்சு. "அது நீந்தாதுங்க தம்பி, சின்னத் தொட்டியே போதும்". மூடி இல்ல. "மூடி போட்டா லைட்டு எடுப்பா இருக்காதுங்க". கூடவே ஒரு கிளீனர் இறாலும் அவரே வித்தார். ஹாக்ஃபிஷ் சாப்பாடே இறால்தான்னு அவருக்குத் தெரியாதா, தெரிஞ்சே வித்தாரான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு விளங்கல. ஒரு நாள் ராத்திரி இறால் தோலுரிச்சுச்சு. காலைல மீசை மட்டும் மிச்சம்.

மூணாவது மாசம். அமெரிக்கா கால் முடிச்சுட்டு ராத்திரி 2 மணிக்கு வந்து படுத்தேன், தொட்டிப் பக்கமே திரும்பல. காலைல அம்மா வீடு கூட்டும்போது சோபாவுக்குப் பின்னாடி கெடந்துச்சு. ஹாக்ஃபிஷ் பயந்தா எகிறும். வலையெல்லாம் போட்டு மூடணும்னு அப்புறமாத் தெரிஞ்சுக்கிட்டேன். காஞ்சு சுருண்டு கருவாடாப் போயிருந்துச்சு. அந்தக் குஞ்சம் மட்டும் அப்படியே இருந்துச்சு.

அம்மா திட்டல. அதை ஒரு காகிதத்துல எடுத்துக்கிட்டு, "ஏஞ்சாமி, எங்கியோ கெடந்தத தூக்கியாந்து இப்படி வெறுந்தரையில உசுரு விட வெச்சிட்டியே"ன்னாங்க. அவ்வளவுதான். செம்பருத்திச் செடி ஓரமா புதைச்சாங்க.

நான் கடைக்குப் போய்ச் சொன்னேன். அவர் சிரிச்சாரு. "அது கை ராசிங்க தம்பி. வேற ஒண்ணு தர்றனுங்க. இது சாகவே சாகாதுங்க".

ஒண்ணு சொல்லிடறேன். தப்பு அவர் மேல மட்டும் இல்ல. அவர் விக்கறவர். ஒரு பைக் ஹெல்மெட் வாங்கறதுக்கு முப்பது ரிவ்யூ பாக்கற நான், ஒரு உசுரு வாங்கறதுக்கு ஒரு கேள்வி கேக்கலையே, அது யார் தப்பு?

கண்ணபுரம் சந்தையும் கண்ணாடித் தொட்டியும்

எங்க அப்பாரு காங்கேயம் பக்கம். சித்திரையில கண்ணபுரம் மாட்டுச் சந்தை கூடும்போது என்னையும் கூட்டிட்டுப் போவாரு. ஒரு காளையைப் பாத்தா பல்லைப் பாப்பாரு, குளம்பைப் பாப்பாரு, சுழி பாப்பாரு, நாலடி நடக்க வெச்சுப் பாப்பாரு. எல்லாம் முடிஞ்சு கடைசியா ஒரு கேள்வி. "யார் பட்டியில இருந்துங்க வருது?" அதுக்கு ஒழுங்கான பதில் வரலைன்னா, மாடு எவ்வளவு லட்சணமா இருந்தாலும் துண்டை உதறித் தோள்ல போட்டுட்டு நடையைக் கட்டிடுவாரு.

அந்தக் கேள்வியை நாம மீன் கடையில கேட்டிருக்கோமா? யார் பட்டி? எந்தக் கடல்?

க்ளவுன்ஃபிஷ்னா பதில் இருக்கு. அது முட்டையைப் பாறையில ஒட்டி வெச்சு, ஒரு வாரம் போலக் காவல் காத்துப் பொரிக்கும். குஞ்சு சட்டுனு வளந்து, 2 வாரத்துக்குள்ள மீன் உருவம் வந்துடும். அதனால மனுஷன் வளக்க முடியுது. மண்டபத்துல இருக்கற மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவன மையம், பரங்கிப்பேட்டையில அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோட கடல் உயிரியல் மையம், ரெண்டுமே க்ளவுன்ஃபிஷ் குஞ்சு பொரிச்சு வளத்துக் காட்டியிருக்காங்க. நம்ம தமிழ்நாட்டுலயேங்க!

ஹாக்ஃபிஷ் அப்படி இல்ல. பொழுது சாயற நேரத்துல ஆணும் பொண்ணும் மேல எழும்பி முட்டையைத் தண்ணிலயே விட்டுடும். அது கடலோட போய், குஞ்சா வாரக்கணக்குல மிதந்து, எங்கியோ ஒரு பவளப்பாறையில இறங்கும். ஒரு ஆணுக்குப் பல பொண்ணு, ஆணில்லாம போனா பொண்ணுல பெருசு ஆணா மாறிக்கும், அப்படி ஒரு குடும்பக் கணக்கு. இதையெல்லாம் தொட்டில நடத்தி வியாபார அளவுக்குக் குஞ்சு எடுக்கறது பெரும்பாடு. அதனால கடையில இருக்கற ஹாக்ஃபிஷ் கிட்டத்தட்ட எல்லாமே கடல்ல இருந்து பிடிச்சதுதான்.

2003-ல ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தோட கண்காணிப்பு மையம் ஒரு கணக்கு வெளியிட்டுச்சு. தொட்டிக்காக வருஷத்துக்கு 2 கோடியில இருந்து 2.4 கோடி கடல் மீன், 1,471 வகை. பெரும்பாலும் பிடிச்சது. சிலது நல்ல வலை போட்டுப் பிடிச்சது. சிலது அப்படி இல்ல. பிலிப்பைன்ஸ்ல 1960-கள்லயே ஆரம்பிச்ச சயனைடு பழக்கம் இருக்கு. பவளச் சந்துக்குள்ள சயனைடு கரைசலைப் பீச்சுனா மீன் மயங்கும், பிடிச்சுக்கலாம். பவளம் செத்துப் போகும். மீன் பாக்க நல்லாத்தான் இருக்கும், நம்ம வீட்டுக்கு வந்து சில நாள்லயோ வாரத்துலயோ சொல்லாம கொள்ளாம போயிடும். நாம 'கை ராசி'ம்போம்.

வர்ற வழி இன்னும் மோசம். பைக்குள்ள தண்ணி கெடக்கூடாதுன்னு ஏத்துமதிக்கு முன்னாடி ஒரு நாள் ரெண்டு நாள் பட்டினி. மீன் விட்ட மூச்சுல பைத் தண்ணி புளிச்சுப் போயிருக்கும், அதனால அம்மோனியா அவ்வளவா கடிக்காது. நாம ஆசையாப் பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளிய போகும், பி.ஹெச் ஏறும், அதே அம்மோனியா நிமிஷத்துல கடுமையான விஷமாயிடும். நாம அப்பத்தான் "மெதுவா பழக்கறேன்"னு சொட்டுச் சொட்டா மணிக்கணக்குல தண்ணி விட்டுட்டிருப்போம். தாங்கும்ல? ஹார்டி!

சில பதில்கள்

"நீ உக்கடத்துல மத்தி வாங்கித் திங்கறதில்லையா?" திங்கறேன். வறுத்தும் திங்கறேன், குழம்பு வெச்சும் திங்கறேன். ஆனா மத்தியைக் கொண்டாந்து ஹால்ல வெச்சு "உன்னை நல்லாப் பாத்துக்கறேன்"னு நான் சொன்னதில்ல. ஹாக்ஃபிஷ் கிட்ட அப்படிச் சொல்லித்தான் கூட்டிட்டு வர்றோம். வாக்கு குடுத்தா காப்பாத்தணும்ங்க, அவ்வளவுதான் விஷயம்.

"அப்ப மொத்தமாத் தடை பண்ணிடலாமே?" இது நல்லவங்க கட்சி. 2017-ல மத்திய அரசு ஒரு விதி கொண்டு வந்துச்சு. கடையில கிண்ணத்துல மீன் வைக்கக்கூடாது, 158 வகை மீன் விக்கக்கூடாதுன்னெல்லாம். க்ளவுன்ஃபிஷ்ஷும் அந்தப் பட்டியல்ல இருந்துச்சு. வளக்க முடிஞ்ச மீனையும் பிடிச்சே தீரவேண்டிய மீனையும் ஒரே தட்டுல வெச்சா யாருக்கு என்ன லாபம்? அதே வருஷம் வாபஸ். மிச்சம் ஒண்ணும் இல்ல. ஒழுங்கா வலை போட்டு, அளவாப் பிடிக்கற மீனவனுக்கு அந்தப் பாறை உசுரோட இருந்தாத்தான் நாளைக்கும் சோறு. அவனையும் சயனைடுக்காரனையும் ஒரே கூண்டுல ஏத்தறதுல எனக்கு ஒப்புதல் இல்ல.

"பவளம் எல்லாம் வெச்சு இயற்கையா அமைச்சிட்டா?" நம்ம நாட்டுல பவளம் 2001-ல இருந்தே வனவிலங்குச் சட்டத்துல புலி இருக்கற அதே முதல் அட்டவணையில இருக்கு. நம்ம கடல்ல இருந்து எடுத்தா குற்றம். லாங்நோஸ் உக்கார்ற கருப்புப் பவளமும் அதுல சேத்தி. அதாவது மீனை வாங்கலாம், அதோட திண்ணையை வாங்க முடியாது. திண்ணை இல்லாத பெரியவரை நெனச்சுப் பாருங்க.

இன்னொண்ணு சொல்லாம விட்டா சாப்பாடு செரிக்காது. நொய்யலைச் சாயத்தண்ணியாவும் சாக்கடையாவும் ஆக்கினவங்க நாம. சொந்த ஆத்துல மீனைக் காப்பாத்த முடியாத ஊர்க்காரங்க, ஹால்ல கடலை வெக்கக் கெளம்பியிருக்கோம். கொஞ்சம் அடக்கம் வேணாமா?

என்னதான் சொல்ல வர்றே?

ஹாக்ஃபிஷ் வெக்காதீங்கன்னு சொல்லல. எங்கிட்ட இப்பவும் ஒண்ணு இருக்கு. 200 லிட்டர், வலை மூடி, பேட்டரி பம்ப்பு, இறால் கிடையாது. வருஷம் ஒண்ணரை ஆச்சு. நான் சொல்றது இவ்வளவுதான்:

- முதல் மீனா ஹாக்ஃபிஷ் வேண்டாம். தொட்டில வளத்த க்ளவுன்ஃபிஷ் கேட்டு வாங்குங்க. 6 வாரம் பொறுத்துட்டு.
- அதுல ஒரு வருஷம் ஓட்டிட்டு அப்புறம் ஆசைப்படுங்க. ஒரு தொட்டிக்கு ஒண்ணுதான், கடைசியா விடற மீனா.
- கடையில மூணு கேள்வி. எந்தக் கடல்ல இருந்து வந்துச்சு? கடைக்கு வந்து எத்தனை நாளாச்சு? எம் முன்னாடி சாப்பிடுமா? நேத்து வந்த மீனை வாங்காதீங்க. ரெண்டு வாரம் அங்கயே இருந்து சாப்பிடட்டும்.
- பதில் வரலைன்னா துண்டை உதறித் தோள்ல போட்டுட்டு வந்துடுங்க. நாலு பேர் அப்படி வந்தா அஞ்சாவது ஆளுக்குக் கடைக்காரர் பதில் தயார் பண்ணி வெச்சிருப்பாரு. சந்தை அப்படித்தான் திருந்தும்.
- கடைசியா, 'ஹார்டி'ங்கற வார்த்தையை நம்ம வாயில இருந்து எடுத்துடுவோம். புதுசா ஒருத்தன் கேட்டா "தாங்கும்டா"ன்னு சொல்லாதீங்க. "நீ தாங்குவியா?"ன்னு கேளுங்க.

நண்பன் கதை? அன்னிக்கு சாயந்தரமே அவன் வீட்டுக்குப் போய் அம்மோனியா பாத்தேன். டெஸ்ட் டியூப் பச்சையா வந்துச்சு. என் தொட்டில இருந்து ஊறின கல்லு ரெண்டு எடுத்துக் குடுத்து, பாதித் தண்ணி மாத்தி, ஜன்னல் கொசுவலையை வெட்டி மூடி போட்டோம். எங்க வீட்டுக்கு எடுத்துட்டு வரலாம்னா என்கிட்ட இருக்கற பெரியவர் இன்னொரு பெரியவரைத் தன் தெருவுல விட மாட்டாரு.

நேத்து ராத்திரி போன் பண்ணினான். "மாப்ள, ஜாலியா ஒரே எடத்துல உக்காந்திருக்குடா."

"உக்காந்திருக்கறதைப் பாக்காத. செவுளைப் பாரு. நிமிஷத்துக்கு எத்தனை தடவ மூச்சு விடுதுன்னு எண்ணு. என்னோடதையும் எண்ணறேன், வெச்சுப் பாப்போம்."

ரெண்டு பேரும் போனைக் காதுல வெச்சுக்கிட்டே எண்ணினோம். அவனோடது என்னோடதை விட ரொம்ப ஜாஸ்தி. அவன் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "தண்ணி கலக்கட்டுமாடா?"ன்னான்.

"கலக்கு. லிட்டருக்கு 35 கிராம்."